வெளிநாட்டுக்குக் குறுகிய கால ஊழியப் பயணம்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையிலிருந்து இதுவரை நான்கு தடவை குழுவாகக் கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறோம். மூன்று தடவை இலங்கை மலையகம், ஒரு தடவை மலேசியா. ஒவ்வொரு தடவையும் எட்டு ஒன்பது பேர், பத்துப் பன்னிரண்டு நாள். குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதாலோ என்னவோ கேள்விகளும் என்னிடமே வருகின்றன, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, சந்தையில் காய் பொறுக்கும்போது, ஒருமுறை துக்க வீட்டில்கூட. திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர், ஐயர் (சபைப் போதகர்) இல்லை. ஆகவே இதில் வேதபாடமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

குறுகிய கால ஊழியம் என்றால் எத்தனை நாள்?

ஒரு வாரத்திலிருந்து சில மாதம் வரைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்வருகிற இரண்டு வாரத்துக்குள்ளான பயணத்தைப் பற்றி.

நம்ம ஊரிலேயே இவ்வளவு வேலை கிடக்கும்போது எதற்கு வெளிநாடு?

நியாயமான கேள்வி, கேட்டவர் முகத்தில் கொஞ்சம் கோபமும் இருந்தது. எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். இங்கே ஒரு வருஷமாவது ஏதோ ஒரு வேலையை, ஓய்வுநாள் பள்ளியோ முதியோரைப் பார்க்கப் போவதோ கோயில் பெருக்குவதோ, விடாமல் செய்தவர்களை மட்டும்தான் கூட்டிப்போவோம். உள்ளூரில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு இல்லாதவர் நுவரெலியாவுக்குப் போய் அன்பைப் பற்றிப் பேசினால் அங்கே எவர் நம்புவார்?

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்ம பகுதி ஊழியர்களை அனுப்பியது பின்னாலே வந்த கதை, அதற்கு முன் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கிய ஊழியக் களம் நாம்தான். தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் இருக்கிற ஓரியூரில் 1693-இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் போர்ச்சுகலிலிருந்து வந்தவர். பண்டாரசுவாமி கோலத்தில், மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தமிழில் பேசி வருஷக்கணக்காக இந்த மண்ணில் நடந்தவர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். 1900-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் ஒரு மிஷனரிச் சங்கம் வைத்து, கடல் தாண்டி ஊழியர்களை அனுப்பினார்கள். எங்கே தெரியுமா? நம்ம தொண்டிக்கு! 1902-இல் யாழ்ப்பாணம் போன, பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கேயுள்ள தமிழர்கள் இப்படிச் சொந்தக் காசில் ஊழியம் செய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார், அடுத்த வருஷம் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆக இலங்கைக்கு நாம் போவது ஏதோ பெரிய உபகாரம் என்று நினைக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள், இப்போது நாம் பதிலுக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

சரி, போய் என்னதான் செய்வீர்கள்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் தடவை நாங்கள் செய்தது பாதிக்கு மேல் தப்பு.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபை எங்களை அழைத்திருந்தது. நாங்கள் இங்கேயே உட்கார்ந்து திட்டம் போட்டோம்: காலையில் பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி, மதியம் வீடு சந்திப்பு, சாயங்காலம் கூட்டம், நடுவில் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்துக்கு வண்ணம் பூச்சு. போன பிறகுதான் தெரிந்தது, காலையில் வீட்டில் ஆளே இருக்காது. பெண்கள் விடியற்காலையிலேயே சமைத்து வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள், நாங்கள் போனது மே மாதம், அதனால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நமக்கு மே என்றால் கோடை விடுமுறை, விடுமுறை வேதாகமப் பள்ளி. அங்கே ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில்தான் விடுமுறை விடுகிறார்கள். போதாததற்கு மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை அந்த மலைச்சரிவில்தான் முதலில் வந்து விழும். அந்த ஈரத்தில் அடித்த வண்ணம் காயவே இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிட்டதாம், தோட்டத்திலேயே வண்ணம் அடிக்கிற ஒருவர் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தாராம். அவருக்குக் கூலி கொடுத்திருந்தால் அவர் வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும், சுவரும் ஒழுங்காக இருந்திருக்கும். கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கும் ஸ்கூல் டீச்சரும் சேர்ந்து வண்ணம் அடிக்கிறோம் என்று ஏணி ஏறினோமே, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது தடவையிலிருந்து நாங்கள் திட்டம் போடுவதை நிறுத்திவிட்டோம். "உங்களுக்கு எப்போது வசதி, என்ன தேவை, எங்களில் யார் வந்தால் உதவி?" என்று அந்தச் சபைக்கு ஆறு மாதம் முன்னாலேயே எழுதிக் கேட்கிறோம். அவர்கள் கேட்டது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற இளம்பெண்களுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு, சபை வரவு செலவை எழுதக் கற்றுக்கொடுக்க ஒருவர், அவ்வளவுதான். பிரசங்கியார் வேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. நம்மில் பிரசங்கிக்க ஆசைப்பட்டவர் அந்தத் தடவை பேர் கொடுக்கவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று.

அதற்கு மேல் நாங்கள் செய்வது உட்கார்ந்து பேசுவது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் கூடுகிறார்கள், பிளேன்டீ, அதாவது பால் இல்லாத டீ, வருகிறது, யாரோ கீர்த்தனை எடுக்கிறார்கள், நமக்கும் அதே கீர்த்தனை தெரியும், ராகம் மட்டும் எங்கேயோ ஒரு திருப்பத்தில் வேறாகப் போகும். "உங்க பூர்வீகம் எது?" என்று கேட்டால் புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கம் என்று சொல்கிறவர்கள் நிறைய. இருநூறு வருஷத்துக்கு முன்னாலிருந்தே தேயிலைக்கும் அதற்கு முந்தி காப்பிக்கும் இங்கிருந்து கால்நடையாகவும் தோணியிலும் போன கூட்டம். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானதால் குடும்பங்களே இரண்டாகப் பிரிந்தன, தம்பி இந்தியாவில், அக்கா ஹட்டனில். இதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே போய் உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது.

டிக்கெட் காசை அப்படியே அனுப்பிவிட்டால் அவர்களுக்கு உபயோகமாக இருக்குமே?

சில சமயம் ஆமாம். ஒரு தடவை எட்டுப் பேர் போகிற செலவில் அங்கே ஒரு ஊழியருக்கு நீண்ட நாள் சம்பளம் கொடுக்கலாம் என்று எங்கள் கமிட்டியிலேயே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார், யாராலும் மறுக்க முடியவில்லை. அந்த வருஷம் போகவில்லை. பணத்தைத்தான் அனுப்பினோம். அனுப்புவதற்கும் வங்கி வழியாக முறையாகக் காரணம் எழுதித்தான் அனுப்ப வேண்டும், தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுகிற பழக்கம் வேண்டாம்.

ஆனால் வருஷா வருஷம் பணம் மட்டும் அனுப்பினால் அது முதலாளி, கூலி உறவாகிவிடுகிறது. முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஏற்பாடு இப்போது இப்படி: இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள், நடுவில் உள்ள வருஷம் பணம். இதுதான் சரி என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

யார் போகலாம்? எனக்கு 58 வயசு.

போகலாம். மூட்டுவலி இருந்தால் மலையகம் வேண்டாம், அங்கே வீட்டுக்கு வீடு படிக்கட்டுத்தான். 18 வயதுக்குக் கீழே நாங்கள் கூட்டிப்போவதில்லை. மற்றபடி வயசைவிடக் குணத்தைப் பார்க்கிறோம்: வைத்ததைச் சாப்பிடுவாரா, குறட்டை விடுகிறவர் பக்கத்தில் படுப்பாரா, சொன்னால் கேட்பாரா. "ஆண்டவர் என்னை அழைக்கிறார்" என்று கண்ணீரோடு வந்த ஒரு தம்பிக்கு மூன்று மாதம் ஆலயத்தில் பாய் சுருட்டும் வேலை கொடுத்தோம். மூன்றாவது வாரமே காணோம்.

வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், நாத்தனாரோ மாமியாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தானே. அப்புறம், கடல் தாண்டுவது நம்ம ஊருக்குப் புதிதா என்ன? செட்டிநாட்டு வீடுகளில் இன்றைக்கும் "கொண்டுவிக்கப் போனார்", அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போனார், என்கிற பேச்சு இருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போய், வீட்டில் ஆச்சி குடும்பத்தைச் சுமந்து, அப்படி வந்த பணத்தில்தான் அந்தப் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அவர்கள் சும்மா கப்பல் ஏறவில்லை என்பதையும் கவனியுங்கள். சின்ன வயசிலேயே பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் படித்து, போகிற ஊர் வழக்கம் விசாரித்து, அதற்குப் பிறகுதான் போனார்கள். நாம் பன்னிரண்டு நாளைக்குப் போகிறோம், நாலு சனிக்கிழமையாவது பயிற்சிக்கு வரவேண்டாமா? பயிற்சிக்கு வீட்டாரையும் கூட்டிவாருங்கள். எங்கே தங்குகிறீர்கள், யாருடைய போன் நம்பர் என்று அவர்களிடம் எழுதிக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

எவ்வளவு ஆகும்? யாரிடம் கேட்பது?

கடைசித் தடவை இலங்கைக்குத் தலைக்கு 38,000 ரூபாய் ஆயிற்று. டிக்கெட், விசா, பயணக் காப்பீடு, அங்கே வேன், தங்குகிற வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்புக்கு நேர் விமானம் உண்டு, இரண்டு ஊரும் நமக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம், அன்றைக்கு எது மலிவோ அது. மலேசியாவுக்குத் திருச்சி.

எங்கள் ஏற்பாட்டில் பாதியைப் போகிறவர் சொந்தமாகப் போடவேண்டும். மீதியைச் சபையிலும் சொந்தக்காரரிடமும் கேட்கலாம். நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு தருமத்துக்கு ஒதுக்கினார்களே, அந்த மாதிரி இரண்டு கடைக்காரர்கள், ஒருவர் இந்து, மாதாமாதம் எங்களுக்கு ஒரு தொகை எடுத்துவைக்கிறார்கள். அந்த இந்துக் கடைக்காரரிடம் இது ஜெபக்கூட்டத்துக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்கும் போகிற பணம் என்று மறைக்காமல் சொல்லித்தான் வாங்குகிறோம். திரும்பி வந்த இரண்டாவது ஞாயிறு வரவு செலவு ஆலய வாசலில் ஒட்டப்படும். சிட்டை, பேரேடு, ஐந்தொகை எழுதிப் பேர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு "சுமார் இவ்வளவு" என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்! ஒரு தடவை 240 ரூபாய் இடித்தது. நானே கையிலிருந்து போட்டேன், அதையும் எழுதினேன்.

கையில் வெளிநாட்டுப் பணம் நோட்டாகக் கொண்டுபோக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் அனுமதி. நமக்கெல்லாம் அந்த வரம்பு எட்டாத தூரம் என்றாலும், குழுப் பணத்தை ஒரே ஆள் சுமக்கிறபோது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட், விசா விஷயம்?

பாஸ்போர்ட்டுக்கு நம்ம மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். திரும்பி வரும் நாளுக்கு அப்புறமும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், இதை மறந்து விமான நிலையத்தில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

விசாவில் எந்தக் குறுக்கு வழியும் வேண்டாம். சுற்றுலா விசா சுற்றிப் பார்க்கத்தான். அதில் போய் மேடை ஏறிப் பிரசங்கம் செய்தால் நீங்கள் திரும்பி வந்துவிடலாம், உங்களை அழைத்த சபைதான் அதற்கப்புறம் வருஷக்கணக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அழைக்கும் சபையிடம் என்ன செய்யப்போகிறோம் என்று தெளிவாக எழுதிக்கொடுத்து, அதற்கு எந்த அனுமதி வேண்டுமோ அதை அவர்கள் வழியாகவே வாங்குங்கள். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு 30 நாள் விசா வேண்டாம், டிஜிட்டல் வருகை அட்டை மட்டும் போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும் என்று வந்ததும் எல்லோரும் குதித்தார்கள். அதுவும் சுற்றிப் பார்க்கத்தான். அந்த நாட்டில் முஸ்லிம்களிடையே வேறு மதப் பிரசாரம் செய்வதைத் தடுக்க மாநிலங்களுக்கு அரசியல் சாசனத்தின் 11-ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது. பஸ் ஸ்டாண்டில் துண்டுப் பிரதி கொடுக்கிற நம்ம ஊர்ப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.

நேபாளத்துக்குப் போகலாமா? விசாவே வேண்டாமாமே.

இந்தியருக்கு விசா வேண்டாம், உண்மைதான். ஆனால் 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அவர்களுடைய குற்றவியல் சட்டத்தின் 158-ஆவது பிரிவில் மதம் மாற்றுவதற்கு 5 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் போகவில்லை. அங்கேயுள்ள சபைகள் தங்கள் வேலையைத் தாங்களே நன்றாகப் பார்த்துக்கொள்கின்றன, வழி தெரியாத எட்டுப் பேர் போய் அவர்களைக் காட்டிக்கொடுத்தால் போதாதா?

தடுப்பூசி ஏதாவது போடணுமா?

இலங்கைக்கும் மலேசியாவுக்கும் நாங்கள் போடவேண்டிவரவில்லை. டெட்டனஸ் காலாவதியானவர்கள் மட்டும் போட்டுக்கொண்டோம். கென்யா, உகாண்டா மாதிரி ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம்ம நாட்டிலேயே ஆறு நாள் தனிமைப்படுத்திவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில்தான், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. காரைக்குடியிலிருந்து அதற்கென்றே ரயில் ஏறவேண்டும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மலேரியா மாத்திரையை டாக்டரைக் கேட்டு எடுங்கள், சில மாத்திரைகள் திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் தொடரவேண்டியவை. மலையகத்தில் எங்களைத் தொந்தரவு செய்தது அட்டைதான், அதற்கு உப்பும் சோப்பும் போதும்.

எங்கள் குழுவில் டாக்டர் இருக்கிறார். மருத்துவ முகாம் நடத்தலாமா?

அந்த நாட்டு மருத்துவக் கவுன்சில் அனுமதி இல்லாமல் முடியாது. நம்ம ஊரில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து மரத்தடியில் ஊசி போட்டால் விடுவோமா? மாத்திரை மூட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். ஒரு டாக்டர் அக்கா வந்தபோது, அங்கேயுள்ள தாதிகளோடு உட்கார்ந்து சர்க்கரை நோய்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு எவரும் ஆட்சேபிக்கவில்லை, கூட்டமும் நிறைய.

தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம், மொழிப் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது, தமாஷாக. மலேசியாவில் "பசியாறிட்டீங்களா?" என்று காலையில் கேட்டதும் எங்கள் குழுவில் ஒருவர் நமக்குப் பசி என்று எப்படித் தெரிந்தது என்று நெகிழ்ந்துபோனார், சாப்பிட்டாயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் "கதைக்கலாம்" என்றால் பேசலாம் என்று அர்த்தம், கதை சொல்லக் கூப்பிடவில்லை. மலையகத்துத் தமிழ் நமக்கு ரொம்பக் கிட்ட, அதனாலேயே நாம் அசட்டையாகிவிடுவோம். மரியாதைச் சொல்லில் குறை வைக்காதீர்கள். வயதில் சின்னவர்களையும் முதல் நாள் "நீங்க" என்றே கூப்பிடுங்கள், அவர்களே "அண்ணே, சும்மா நீன்னு சொல்லுங்க" என்று சொல்லும்வரை.

சிங்களத்தில் நன்றி சொல்ல "ஸ்துதியி" என்று ஒரு வார்த்தையாவது கற்றுப்போங்கள், கடையில் முகம் மலரும்.

சாப்பாடு?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. காலையில் ரொட்டி, சம்பல். மதியம் சோறு, பருப்பு, ஒரு கீரை. சாயங்காலம் பிளேன்டீ, கையில் ஒரு துண்டு சர்க்கரையோ கருப்பட்டியோ. நம்ம நாக்கு மிளகும் சோம்பும் தேடும். முதல் தடவை ஒரு அம்மா பையிலிருந்து இட்லிப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துச் சாப்பாட்டு நடுவில் வைத்ததும் பரிமாறிக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி குழுவில் பேசி, இனிமேல் யாரும் பொடி டப்பா கொண்டுவரக் கூடாது என்று முடிவெடுத்தோம். சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நம்ம வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தால் என்ன ஆகிறது என்று நமக்குத்தான் நன்றாகத் தெரியும். இலை நிறைய வைக்கிறோம், அவர் போன பிறகு ஒரு வாரம் ரசம். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று சும்மாவா சொன்னார்கள்? நாங்கள் ஒன்பது பேர் பன்னிரண்டு நாள் தங்கினோம்! ஒரே காம்பரா (அறை) உள்ள லயத்து வீட்டில் எங்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் அடுப்படியில் படுத்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று. தினக்கூலிக்காரர் வீட்டில் கோழி அடித்தார்கள், நாங்களும் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டுவிட்டோம். இப்போதெல்லாம் ஒரு வீட்டில் இரண்டு பேர், மூன்று ராத்திரி, அதற்கு மேல் கிடையாது. அரிசி, பருப்பு, எண்ணெய் நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கே சபை மூப்பர் மூலம் அந்தந்த வீட்டுக்குப் போய்விடும். நேராகக் கையில் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், கோபித்துக்கொள்வார்கள். மூப்பர் மூலம் போனால் அது சபைக் காரியம். என்னைக் கேட்டால் பயணத்தில் முதல் ஊழியமே இதுதான்: அவர்களுக்குப் பாரமாக இல்லாமல் இருப்பது.

என்ன கொண்டுபோகணும்?

குறைவாக. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல், ராத்திரி நடுங்கும், ஒரு ஸ்வெட்டர் அவசியம். குடை, பிடிப்புள்ள செருப்பு. மலேசியாவில் பிளக் மூன்று பட்டை முள், அதற்கு ஒரு அடாப்டர். ஆலயத்துக்குப் புடவை, வேட்டி. மற்ற நேரம் முழங்கால் மூடுகிற எதுவும்.

பரிசு கொடுக்க மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை நல்லவை, கெடாது, எல்லோருக்கும் பகிரலாம். பனையோலைக் கொட்டான் எடை இல்லை, அங்கே பெண்கள் ஆசையாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு அண்ணன் மட்டும் ஆத்தங்குடித் தரைக்கல் ஆறு எடுத்துவந்தார், அழகாக இருக்கும் என்று. கூடுதல் எடைக்குக் கட்டிய காசில் இன்னும் ஒரு பெட்டி கல் வாங்கியிருக்கலாம். போய்ச் சேர்ந்தபோது நாலு உடைந்திருந்தது.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டு எடுங்கள். பிள்ளைகளை எடுக்கவேண்டுமானால் பெற்றோரைக் கேளுங்கள், மூக்கு ஒழுகுகிற பிள்ளையைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டு எடுக்கிற செல்ஃபி வேண்டவே வேண்டாம். உங்கள் பிள்ளையை அப்படி ஒருவர் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சும்மா இருப்பீர்களா? கூடவே ஒரு கண்டிப்பான விதி: பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அநாதை இல்லங்களுக்கு நாங்கள் போவதில்லை. நாலு நாள் கொஞ்சிவிட்டு அழவிட்டு வருவது அந்தப் பிள்ளைகளுக்குப் பாதகம்.

குழுவுக்குள் சண்டை வருமா?

வரும். ஐந்தாம் நாள். பாத்ரூம் வரிசையில் ஆரம்பிக்கும். ராத்திரி ஜெபத்துக்கு முன்னாலேயே தீர்த்துவிடுங்கள்.

அங்கே யாராவது தனியாகப் பணம், வேலை, விசா கேட்டால்?

கேட்பார்கள், கேட்பதில் தப்பில்லை. "நான் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம்ம ஊரில் அது "முடியாது" என்பதற்கு மரியாதையான வார்த்தை, அங்கே அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ஒரு பையன் ஏழு மாதம் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தான். என்னால் ஆகாது என்பதை முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. இப்போது எல்லாக் கோரிக்கையும் அங்குள்ள ஐயர் வழியாகத்தான். யார் உண்மையில் கஷ்டத்தில் இருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லணுமா?

ஐந்து நிமிஷம் சொல்லுங்கள். "பாவம், அந்த ஜனங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களும் யூட்யூபில் நம் ஆராதனையைப் பார்க்கிறார்கள்! ஒரு தடவை நம்ம அண்ணன் ஒருவர் லயத்து வீட்டைப் பற்றி உருக்கமாகப் பேசினார், அடுத்த நாள் அந்த வீட்டுக்கார அக்காவிடமிருந்து செய்தி: "அண்ணே, எங்க வீடு அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" அவர் திரும்ப மன்னிப்புக் கேட்டார், அக்கா சிரித்துவிட்டார்கள், ஆனாலும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வந்தபிறகு இங்குள்ள சாப்பாடு, பேச்சு எல்லாம் சில நாளைக்கு அந்நியமாகத் தோன்றும், கல்யாண வீட்டில் வீணாகிற சோற்றைப் பார்த்து எரிச்சல் வரும். வீட்டாரிடம் அதைக் காட்டாதீர்கள், அவர்கள் எங்கேயும் போகவில்லை.

அவர்களை இங்கே அழைக்கலாமா?

அழைத்தோம். மூப்பரும் அவர் வீட்டம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள், பத்து நாள். டிக்கெட்டில் பாதி அவர்கள் போட்டார்கள், பாதி நாங்கள். மூப்பரின் தாத்தா பொன்னமராவதிப் பக்கத்து ஊர், கூட்டிப்போனோம். அந்தப் பெயரில் ஒரு குடும்பமும் அங்கே இல்லை, டீக்கடைக்காரர் மட்டும் நாலு கேள்வி கேட்டுவிட்டு டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். ஓரியூருக்கும் போனோம். எங்கள் வீடுகளில் மூன்று மூன்று ராத்திரி தங்கினார்கள், நாங்கள் நாட்டுக்கோழி அடித்தோம், அவர்களுக்குக் காரம் தாங்கவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஆறாம் நாள் காலையில் மூப்பர் என்னிடம் வந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது, ஏதாவது வேலை கொடுங்கள், ஆலயச் சுவருக்கு வேண்டுமானால் வண்ணம் அடித்துத் தரட்டுமா, இங்கே மழையும் இல்லையே என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.